சிங்காரவேலரும் இயந்திரத்தில் சிக்கிய கைகளும்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், கழுவெளி ஏரியின் உவர்நீர் கடலோடு கலக்கும் பகுதியில் இருக்கிறது மரக்காணம். சங்க இலக்கியம் பேசும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்தில் தொடங்கிக் கடற்கரையை ஒட்டியே சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவதும் இங்கேதான். லாரிகள் வராத காலத்தில் இந்தக் கரையோரத்து உப்பும் விறகும் தோணிகளில் ஏறி அந்தக் கால்வாய் வழியாகவே சென்னைக்குப் போயின.

சென்னை மாகாண ஆளுநராக 1875 முதல் 1880 வரை இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. அதே பெயரில் 1876-இல் பெரம்பூரில் ஒரு பஞ்சாலையும் எழுந்தது. 1881-இல் கர்நாடிக் ஆலை அதற்குத் துணையாக வந்தது. இரண்டும் பின்னாளில் இணைந்து பி அண்ட் சி ஆலை ஆயின. கால்வாயின் ஒரு முனையில் வெயிலிலும் உவர்நீரிலும் நின்று கையால் உப்பு வாரும் உழைப்பு. அந்தக் கால்வாய் கடந்துசெல்லும் நகரத்தில் நீராவியும் பல்சக்கரமும் சேர்ந்து மனிதக் கைகளைத் தம் வேகத்துக்கு ஓடச்செய்யும் உழைப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே, திருவல்லிக்கேணிக் கடற்கரையில், கால்வாய்க்குக் கிழக்கே இருந்த அயோத்திக்குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில் பிறந்தவர் ம. சிங்காரவேலர்.

தென்னிந்தியாவின் முதல் பொதுவுடைமையாளர், இந்தியாவில் மே தினத்தை முதன்முதலில் கொண்டாடியவர் என்ற இரண்டு அடைமொழிகளோடு அவரை நினைவுகூர்ந்து நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. அவர் வாழ்ந்த காலத்தை வேறொரு கோணத்திலும் பார்க்கலாம். வேலை செய்யும் இடத்தில் இயந்திரம் ஒரு தொழிலாளியின் விரலையோ கையையோ பறித்துவிட்டால், அந்த இழப்பு யாருடையது? தொழிலாளியின் தலையெழுத்தா, முதலாளியின் பொறுப்பா, அரசின் கடமையா? இந்தியா இந்தக் கேள்விக்கு மெல்ல மெல்லப் பதில் தேடிய காலமே சிங்காரவேலரின் வாழ்நாள். அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை என்பதற்கு அவர் பிறந்த கடற்கரையின் தெற்கே விரிந்துகிடக்கும் உப்பளங்களே சாட்சி.

குப்பத்திலிருந்து நீதிமன்றத்துக்கு

1860 பிப்ரவரி 18 அன்று வேங்கடாசலம் – வள்ளியம்மை இணையருக்கு மகனாகப் பிறந்தார் சிங்காரவேலர். மீனவச் சமூகத்துப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதே அரிதாக இருந்த நாளில் அவர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டிய 1877–78-இல் அவருக்கு வயது பதினேழு. பஞ்ச நிவாரணக் கூலிக்காக வந்த மக்களைக் கொண்டுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்போது வெட்டப்பட்டது. அவர் வளர்ந்த குப்பத்துக்கு அருகிலேயே நடந்த வேலை அது. பசித்தவனின் உழைப்பு எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான பாடம் அந்தத் தலைமுறைக்குக் கிடைத்திருக்க முடியாது.

சாதி மறுத்து அங்கம்மாளை மணந்தவர் அவர். பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டு, மகாபோதி சங்கத்தின் சென்னைப் பணிகளில் பங்கெடுத்தார். அயோத்திதாசரும் லட்சுமி நரசுவும் பௌத்த மறுமலர்ச்சிக்குப் பாடுபட்ட காலம் அது. துன்பம் உண்டு, துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தை அகற்றினால் துன்பம் அகலும் என்ற பௌத்தச் சிந்தனை அவருக்குச் சமய ஆறுதலாக நிற்கவில்லை; உலகை ஆராயும் முறையாகவே அமைந்தது. பின்னாளில் அவர் அறிவியலையும் பொருள்முதல்வாதத்தையும் தமிழில் இடையறாது எழுதியதற்கு விதை இங்கேதான் விழுந்தது. இயந்திர விபத்து பற்றிய பேச்சில் இந்தச் சிந்தனை முறைக்குத் தனி இடம் உண்டு. ஏனெனில், விபத்தை விதி என்று சொல்லும்வரை அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மூடப்படாத சக்கரம், தேய்ந்துபோன பட்டை, பன்னிரண்டு மணி நேரக் களைப்பு என்று காரணங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கும்போதுதான் பொறுப்பு என்ற சொல் பிறக்கிறது.

1907-இல், நாற்பத்தேழாம் வயதில், சட்டப் பட்டம் பெற்றுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குரைஞரானார். வசதியான வாழ்க்கை, வீட்டில் பெரும் நூலகம். சட்டத்தின் வலிமையையும் அதன் வரம்பையும் உள்ளிருந்து அறிந்த மனிதராகவே பிற்காலத்தில் அவர் தொழிலாளர் இயக்கத்துக்குள் நுழைந்தார்.

சட்டம் இல்லாத காலத்தின் கணக்கு

அவர் வழக்குரைஞராக இருந்த நாள்களில், ஆலையில் கையிழந்த தொழிலாளிக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு என்ன? 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், நூறு பேருக்கு மேல் வேலை செய்யும், இயந்திர ஆற்றலில் இயங்கும் ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தியது. குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைப்பதும், ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு அமைப்பதுமே அதன் சாரம். 1891-இல் அந்த நூறு ஐம்பதாகக் குறைந்தது, 1922-இல் இருபதானது. விபத்தைத் தடுக்க இந்தச் சட்டங்கள் ஏதோ சொல்லின. விபத்து நேர்ந்த பிறகு தொழிலாளியின் குடும்பம் எதை உண்ணும் என்பது பற்றி அவற்றில் வழி இல்லை.

உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம். ஆனால், முதலாளியின் அலட்சியத்தால்தான் விபத்து நேர்ந்தது என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த மூன்று வாதங்கள் முதலாளிக்குக் கேடயமாக நின்றன. தவறு உடன் வேலை செய்த தொழிலாளியுடையது என்பது ஒன்று. ஆபத்து என்று தெரிந்தே வேலைக்கு வந்தான் என்பது மற்றொன்று. அடிபட்டவனிடமும் கவனக்குறைவு இருந்தது என்பது மூன்றாவது. மாதம் பத்துப் பதினைந்து ரூபாய் கூலி வாங்கும் ஒருவர் இந்த மூன்று மதில்களையும் தாண்டி நீதிமன்றத்தில் வெல்வது நடக்கிற காரியமா? நடைமுறையில் விரல் போன அன்றே வேலையும் போயிற்று. கருணையுள்ள மேலாளர் இருந்தால் வாயில்காவல் வேலை கிடைக்கலாம். இல்லையெனில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

உலகின் பிற பகுதிகளில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. ஜெர்மனி 1884-லேயே விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1897-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அவற்றின் அடிப்படை ஒன்றே: யார் தவறு என்ற விசாரணை தேவையில்லை, வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த காயம் என்றாலே போதும், இழப்பீடு உண்டு. இயந்திரத்தால் ஆதாயம் பெறுகிறவர் அதன் ஆபத்தின் செலவையும் ஏற்க வேண்டும் என்பதே அதன் நியாயம். பிரிட்டன் தன் தொழிலாளிக்கு 1897-இல் அளித்ததை, அதே பிரிட்டனின் ஆட்சியில் இருந்த இந்தியத் தொழிலாளி பெற மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

1923: இரண்டு மாத இடைவெளி

அந்தக் கால் நூற்றாண்டின் இறுதிப் பகுதி சென்னைத் தொழிலாளர்களின் எழுச்சிக் காலம். 1918 ஏப்ரல் 27 அன்று, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முன்முயற்சியிலும் பி.பி. வாடியாவின் தலைமையிலும் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. திரு.வி.க. அதன் தூண்களில் ஒருவரானார். 1921-இல் பி அண்ட் சி ஆலையில் நீண்ட வேலைநிறுத்தமும் கதவடைப்பும் நிகழ்ந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். அந்த ஆண்டு ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று வழக்குரைஞர் தொழிலைத் துறந்த சிங்காரவேலர், ஆலைத் தொழிலாளர்களின் பக்கம் நின்றார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1922 டிசம்பரில் கயா காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்று, தொழிலாளர்களின் வாழ்க்கைப் பிரச்சினைகளைச் சேர்க்காத சுதந்திரம் முழுமையான சுதந்திரமாகாது என்ற கருத்தை, தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டே முன்வைத்தார்.

1923 மார்ச் 5 அன்று தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அச்சட்டம் சிங்காரவேலர் இயற்றியதன்று. மத்திய சட்டப்பேரவையில் தொழிலாளர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டிருந்த என்.எம். ஜோஷி போன்றோரின் வற்புறுத்தல், 1919-இல் தோன்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தாக்கம், நாடெங்கும் பரவிய வேலைநிறுத்த அலை எல்லாம் அதன் பின்னணியில் இருந்தன. இரண்டு மாதங்கள் கழித்து, மே முதல் நாள், சென்னைக் கடற்கரையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலும் திருவல்லிக்கேணியிலும் இரு கூட்டங்களைக் கூட்டி, இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடினார். அன்றே தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் தொடங்கினார். ‘தொழிலாளன்’ என்ற இதழும் அவர் முயற்சியில் பிறந்தது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. டெல்லியில் எழுதப்பட்ட சட்டத்தின் முதல் அட்டவணை, மனித உடலின் உறுப்புகளுக்குச் சதவீதம் குறித்தது. வலக்கை முழங்கைக்கு மேல் போனால் உழைப்புத் திறன் இழப்பு எழுபது சதவீதம். இடக்கை என்றால் அறுபது. ஒரு கண்ணுக்கு முப்பது. கட்டை விரலுக்கு இருபத்தைந்து. சுட்டு விரலுக்குப் பத்து. முழு ஊனத்துக்கு நாற்பத்திரண்டு மாதக் கூலி, உச்சவரம்பு 3,500 ரூபாய். மரணத்துக்கு முப்பது மாதக் கூலி, உச்சவரம்பு 2,500 ரூபாய். மாதம் பதினைந்து ரூபாய் கூலி வாங்கிய ஒருவர் சுட்டு விரலை இழந்தால், அந்தக் கணக்குப்படி அவருக்குச் சேர வேண்டியது 63 ரூபாய். வலக்கைக்கு 441 ரூபாய். பத்து நாள்களுக்குள் ஆறிவிடும் காயத்துக்கு எதுவுமில்லை.

கேட்கக் கொடூரமாக இருக்கும் இந்தக் கணக்கு, அதன் காலத்தில் ஒரு பெரும் முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. தலையெழுத்தாக இருந்தது முதல் முறையாக ரூபாய் அணா பைசாவில் முதலாளியின் கணக்கேட்டில் ஏறியது. விபத்துக்கு விலை உண்டு என்றானதும், விபத்தைத் தடுப்பது முதலாளிக்கும் சிக்கனமாயிற்று. சக்கரத்துக்கு ஓர் இரும்புக் கூண்டு போடும் செலவு, கைக்குத் தரும் இழப்பீட்டைவிடக் குறைவு.

ஆனால், சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை தானாக நடந்து தொழிலாளியின் வீட்டுக்கு வராது. விபத்தை அறிவிக்க வேண்டும். ஆணையரிடம் மனுக் கொடுக்க வேண்டும். உடன் வேலை செய்தவர்கள் அஞ்சாமல் சாட்சி சொல்ல வேண்டும். எழுத்தறியாத, வேலை பறிபோகுமோ என்று நடுங்குகிற தனி மனிதரால் இவற்றில் எதையும் செய்ய இயலாது. அங்கேதான் மே தினக் கூட்டத்தின் தேவை எழுகிறது. உரிமையைச் சட்டம் எழுதிவைத்தது. அதைக் கேட்கும் துணிவைச் சங்கம் தந்தது. சிங்காரவேலரின் பங்களிப்பு இரண்டாவது பணியில் இருந்தது. மேலும், மே தினத்தின் மையக் கோரிக்கையான எட்டு மணி நேர வேலையே விபத்துத் தடுப்பின் முதல் விதியும்கூட. 1922-இன் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரத்தை அனுமதித்தது. பத்தாவது மணி நேரத்தில் நூற்புப்பொறியின் அருகே தூங்கி வழியும் கையை எந்த அறிவிப்புப் பலகையும் காப்பாற்றாது.

சிறையும் உப்பும்

அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1924-இல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலம் குன்றியிருந்ததால் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்படாமல், பின்னர் விடுவிக்கப்பட்டார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய இந்தியப் பொதுவுடைமையாளர்களின் முதல் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் பணியாற்றினார். 1927-இல் வங்க–நாகபுரி ரயில்வே தொழிலாளர் போராட்டத்துக்கு ஆதரவாகக் கரக்பூர் வரை பயணம் செய்தார்.

1928-இல் தென்னிந்திய ரயில்வே, நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய ஊர்களில் இருந்த பணிமனைகளைத் திருச்சி பொன்மலையில் ஒன்றாகக் குவிக்கத் திட்டமிட்டது. தொழில் திறன் தேர்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடும் அதோடு வந்தது. உலைக்களத்திலும் கடைசல் பொறியிலும் ஆண்டுக்கணக்கில் உடலைத் தேய்த்த தொழிலாளிகளுக்கு, அந்த உடல் இனித் தேர்வுக்குத் தகாது என்று சொல்லப்பட்டது. ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. மாத இறுதிக்குள் அடக்கப்பட்டது. அறுபத்தெட்டு வயதுச் சிங்காரவேலருக்குப் பத்து ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1930 ஆகஸ்டில் வெளியே வந்தார்.

1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளியபோது சிங்காரவேலர் சிறையில் இருந்தார். உப்பு அந்த ஆண்டு தேசத்தின் அரசியல் சின்னமாக உயர்ந்தது. உப்பின் மீது விதிக்கப்பட்ட வரியைப் பற்றி நாடே பேசியது. உப்பை வாரும் கைகளைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. வரி பின்னாளில் நீங்கியது. பாத்தியில் நின்றவரின் நிலைமை அதே வேகத்தில் மாறவில்லை. தேச விடுதலையோடு உழைப்பவரின் வாழ்வும் மாற வேண்டும் என்று கயாவில் அவர் வற்புறுத்தியதன் பொருள் இந்த வேறுபாட்டில் விளங்கும்.

சிறையிலிருந்து வந்த பின்பு உடல் தளர்ந்திருந்தது, எழுத்து தளரவில்லை. பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் அறிவியல், மூடநம்பிக்கை, பொருளாதாரம் குறித்து தொடர்ந்து எழுதினார். 1932 இறுதியில் ஈரோட்டில் உருவான சமதர்ம வேலைத் திட்டத்தில் அவர் கருத்துகளின் செல்வாக்கு ஆழமானது. 1935-இல் ‘புது உலகம்’ இதழைத் தொடங்கினார். 1946 பிப்ரவரி 11 அன்று, எண்பத்தாறாம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், மறைந்தார். அந்த ஆண்டே வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேர வேலை சட்டமானது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1944-இல் அளிக்கப்பட்ட அதார்க்கர் அறிக்கையின் அடிப்படையில், 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு புதிய தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. மின்னாற்றல் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்றது அச்சட்டம். இவற்றைப் பார்க்க அவர் இல்லை.

உப்பளம் தொழிற்சாலையா?

வானம் பார்த்த பாத்தி எப்படித் தொழிற்சாலையாகும் என்று உப்பள உரிமையாளர்கள் கேட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கூரையும் சுவரும் இருந்தால்தான் தொழிற்சாலை என்பதில்லை, திறந்த நிலமும் அந்த வரையறைக்குள் வரும், கடல்நீரைப் பாத்திகளில் ஏற்றி உப்பாக்குவது உற்பத்திச் செயல்முறையே என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு, 1958-இல், சௌராஷ்டிரக் கடற்கரையின் உப்பளத் தொழிலாளர்கள் தொடர்பான மற்றொரு வழக்கில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கழிமுகத்தைக் கடந்த படகு கவிழ்ந்து அவர்கள் மூழ்கிப்போனார்கள். படகுத்துறை பொது வழியில் இருந்தது, எனவே அது வேலையின்போது நேர்ந்த விபத்து ஆகாது, நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கருதியது. உப்பு வாரச் செல்பவர் உவர்நீரைக் கடக்காமல் உப்பளத்தை அடைய முடியாத ஊர்களில், அந்தத் தீர்ப்பின் கனத்தை உணரச் சட்டப் படிப்பு தேவையில்லை.

இன்றைய உப்புத் தொழிலில் வாருபலகையும் தலைச்சுமைக் கூடையும் மட்டும் இல்லை. நீர் இறைக்கும் டீசல் இன்ஜினும் மோட்டாரும் பாத்தியின் கரைக்கு வந்துவிட்டன. அம்பாரமாகக் குவித்த உப்பு, அரவை இயந்திரத்துக்கும் அயோடின் கலக்கும் ஆலைக்கும் பொட்டலமிடும் கூடத்துக்கும் செல்கிறது. உப்புக் காற்று இரும்பை அரிக்கும். பட்டையைக் காக்கும் கூண்டும் சக்கரத்தின் மூடியும் மற்ற ஊர்களைவிட இங்கே விரைவில் துருப்பிடித்து உதிரும். ஈரத்தில் மின்கம்பியின் காப்பு கெடும். இன்ஜின் பட்டையில் துண்டோ சேலைத் தலைப்போ சிக்க ஒரு நொடி போதும். ஓடும் இயந்திரத்தைத் துடைக்கவும் எண்ணெய் இடவும் பெண்களையும் இளையோரையும் பணிக்கக் கூடாது என்று 1948-இன் சட்டம் தெளிவாகவே விதித்தது. பருவகால வேலை, குத்தகை மாறும் நிலம், மேஸ்திரி வழியாக வரும் ஆள்கள் என்று அமைந்த தொழிலில் இந்த விதிகளைச் சொல்லிக்கொடுப்பவர் யார்?

விபத்துக்குப் பிறகு நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மருத்துவமனைச் செலவை முதலாளி ஏற்கிறார். கையில் ஒரு தொகை தருகிறார். ஊர்ப் பெரியவர் முன்னிலையில் பேச்சு முடிகிறது. இருவருக்குமே இது நன்மை தராது என்பதை இருவரும் அறிவதில்லை. மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்தாமல் குடும்பத்திடம் நேரடியாகக் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அது இழப்பீடாகவே கணக்கில் வராது; முதலாளி மீண்டும் செலுத்த நேரலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாளுக்கு மதிப்பில்லை. ஒப்பந்ததாரரின் ஆள் என்று கைகாட்டி முதன்மை முதலாளி தப்பவும் இயலாது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் பன்னிரண்டு சதவீத வட்டி, தகுந்த காரணமில்லையெனில் பாதித் தொகை வரை அபராதம் என்று 1923-இன் சட்டம் காலப்போக்கில் கூர்மையானது.

தொகையும் சிறிதன்று. நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஊதியத்தில் இருக்கும்போது கட்டை விரலை இழந்தால், இன்றைய அட்டவணைப்படி இழப்பு முப்பது சதவீதம். இழப்பீடு ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாய். காப்பீடு எடுத்திருக்கும் முதலாளிக்கு இது ஓர் ஆண்டுச் சந்தாவோடு முடியும் சுமை; எடுக்காத சிறு முதலாளிக்குத் தொழிலையே மூடவைக்கும் இடி. மறுபுறம், வருகைப் பதிவேடும் ஊதியச் சீட்டும் இல்லாத உப்பளத்தில், தொழிலாளி இவ்வளவு ஊதியம் பெற்றார், இந்த இடத்தில்தான் வேலை செய்தார் என்பதையே நிரூபிக்க முடியாமல் அந்த ஐந்து லட்சம் சில ஆயிரங்களாகச் சுருங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்குள் கோர வேண்டும் என்ற காலக்கெடுவும் தெரியாமலே கடந்துபோகும்.

நூறாண்டு கழித்து

2020-இல் நிறைவேற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தக் கதையை இரண்டு திசைகளில் நகர்த்தியிருக்கின்றன. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில், வேலையோடு தொடர்புடையதாக நேரும் விபத்துக்கும் இழப்பீடு உண்டு என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கூறுகிறது. சௌராஷ்டிரத்தில் மூழ்கிய தொழிலாளர்களுக்குக் கிடைக்காத நியாயத்துக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின் திறந்த கதவு இது. எதிர்த்திசையில், பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, மின்னாற்றலைப் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான எண்ணிக்கையைப் பத்திலிருந்து இருபதாக உயர்த்திவிட்டது. பத்துப் பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்குப் பொதுவான கடமைகள் தொடர்கின்றன என்பது உண்மையே. ஆயினும், பதினைந்து பேர் வேலை செய்யும் ஓர் உப்பு அரவை ஆலை நேற்றுவரை தொழிற்சாலை. இன்று அந்த வரையறைக்கு வெளியே. 1922-இல் இருந்த இருபது என்ற எண்ணுக்கே நூறாண்டு கழித்துத் திரும்பியிருக்கிறோம். சிறிய ஆலையில்தான் இயந்திரம் பழையது, மேற்பார்வை குறைவு, சங்கம் இல்லை என்பதை நினைத்தால் இந்தத் திரும்பல் கவலைக்குரியது.

இன்னொரு நிகழ்வையும் மறக்கலாகாது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. மே முதல் நாள், சென்னை மே தினப் பூங்காவில், அந்தச் சட்டமுன்வடிவு திரும்பப் பெறப்பட்டதை முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கடற்கரையில் கூட்டம் கூட்டிய நாளிலிருந்து சரியாக நூறு ஆண்டுகள். கேட்பதற்கு அமைப்பு இருந்தால் சட்டம் அசையும் என்பதற்கு அந்த நாள் சான்று.

அமைப்பு இல்லாத இடங்களே இப்போது நம் கவனத்தைக் கோருகின்றன. தமிழ்நாட்டின் விதிகள் வகுக்கப்படும்போது, பணியாளர் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், அரவை, பம்பு, பட்டை ஓட்டம் போன்ற ஆபத்தான இயந்திரங்கள் உள்ள இடங்கள் அனைத்தையும் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும். உப்பு நிலக் குத்தகையைப் புதுப்பிக்கும்போது, வருகைப் பதிவேடும் விபத்துக் காப்பீடும் நிபந்தனைகளாக வேண்டும். சிறு உற்பத்தியாளர்கள் தனித்தனியே சுமக்க முடியாத காப்பீட்டுச் சந்தாவைக் கூட்டாகச் செலுத்த வழி காணலாம். இழப்பீட்டு ஆணையரின் விசாரணை, மாவட்டத் தலைநகரில் காத்திருப்பதோடு நில்லாமல், உப்பு வாரும் பருவத்தில் மரக்காணம் போன்ற ஊர்களுக்கே முகாமாக வர வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய தத்துவம் தேவையில்லை. இயந்திரத்தின் ஆதாயத்தை எடுப்பவர் அதன் ஆபத்தையும் ஏற்க வேண்டும் என்ற பழைய நியாயம் போதும்.

சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் இன்று சிங்காரவேலர் மாளிகை என்று அழைக்கப்படுகிறது. அரசு அவருக்குச் செய்த மரியாதை அது. மூடியில்லாத சக்கரத்தின் அருகே நின்று உப்பு அரைக்கும் ஒரு பெண், தன் கைக்கு ஏதேனும் நேர்ந்தால் யாரிடம் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதைத் தயக்கமின்றி அறிந்திருந்தால், அதுவே அந்த மனிதரின் வாழ்க்கைக்கு நாம் செய்யும் மரியாதை.